யோகன் அண்ணாவின் வெள்ளிக்கிழமை போன்

யோகன் அண்ணா போய்விட்டார்.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்... எழும்பவே இல்லையாம். சிட்னி வெஸ்ட்மீட் ஆபீஸில் பல வருடம் எனக்குப் பக்கத்து சீட். இன்னும் நம்ப முடியவில்லை.

எங்களுக்கு அவர் 'குவைத் யோகன்'. இளவயதில் அங்கே வேலை பார்த்தவர். டீ பிரேக்கில் அவரிடம் மாட்டினால் தீர்ந்தது, ஜெனரல் நாலெட்ஜ் கிளாஸ்தான்.

"ஒரு ஆறுகூட இல்லாத நாடு, தெரியுமோ? கடல்தண்ணியிலை உப்பை எடுத்துப்போட்டுத்தான் குடிக்கிறவை." "உலகத்திலையே பெறுமதி கூடின காசு அவையின்ரை தினார்தான்."

"அப்புறம் ஏண்ணா அதை விட்டுட்டு இங்க வந்து எங்க உயிரை வாங்குறீங்க?" என்று கலாய்ப்பேன். தோளைக் குலுக்கிச் சிரிப்பார். கோபமே வராத மனிதர்.

வெள்ளிக்கிழமை மட்டும் கிளாஸ் கிடையாது. போனோடு கார் பார்க்குக்குப் போய்விடுவார். நம்பர் போட்டுக் காதில் வைப்பார், ஆனால் பேச மாட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்த சமயம். அண்ணாவும் ரவி என்கிற சிநேகிதரும் ஒரே பிளாட். நாட்டை விட்டு வெளியேற ஒரு பஸ் கீழே வந்து நின்றிருக்கிறது. ரவி சொன்னாராம்: "நீ போய் சீட்டைப் பிடி. நான் வீட்டைப் பூட்டிப்போட்டு வாறன்."

பஸ் கிளம்பிவிட்டது. ரவி வரவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லி நான் கத்தியிருக்கலாம்" என்றார் அண்ணா. "அந்த பிளாட் நம்பருக்குத்தான் அடிக்கிறனான். அங்கை வெள்ளிக்கிழமைதானே லீவு. வீட்டிலை நிப்பான்."

"யாராவது எடுத்திருக்காங்களாண்ணா?"

"இல்லை. ஆனா ரிங் போகுது, கேளும்." என் காதில் வைத்தார். போனது.

நான் சும்மா இருப்பேனா... கூகுளில் தேடினேன். குவைத்தில் எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு இலக்கம் கூட்டி வருஷக்கணக்காகிறது. அவர் அடிப்பதோ பழைய நம்பர். அது எங்கேயும் போகவே கூடாது.

அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கார் பார்க் பக்கம் போக எனக்கு பயம்.

காட்டுத்தீப் புகையில் சிட்னி வானம் ஆரஞ்சாகிப்போன அந்தக் கோடை ஞாபகம் இருக்கிறதா? பட்டப்பகலில் கார்கள் லைட் போட்டு ஓடின. அண்ணா வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெய்க் கிணறெல்லாம் எரியேக்கை அங்கையும் பகல் இருட்டாத்தானாம் கிடந்தது. அவன் அதுக்குள்ளை தனிய என்ன செய்தானோ..."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் அடித்தார். கட் பண்ணவே மனமில்லாமல் நின்றார்.

நேற்று வெள்ளி. துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ கொடுத்துவிட்டு, அவர் மனைவி மாலினி அக்கா, அண்ணாவின் போனை எடுத்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரவிக்கு ஆரும் சொல்லவேணுமெல்லோ, தம்பி."

வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்பீக்கரில் போட்டார். ரிங் போனது... நின்றது.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

பேச்சு இல்லை. பழைய ஏசி ஓடுகிற இரைச்சல் மட்டும்.

அக்கா போன் பக்கமாகக் குனிந்தார். குரல் நடுங்கவில்லை. "ரவி, நான் யோகன்ரை மனுசி. அவர் புதன்கிழமை செத்துப்போனார். இனி இஞ்சையிருந்து ஒருத்தரும் அடிக்க மாட்டினம். நீங்களும் வெளிக்கிடுங்கோ."

ஏசி நின்றது. யாரோ நடக்கிற சத்தம். கதவை இழுத்துச் சாத்தும் சத்தம். பூட்டில் சாவி திரும்பியது. பிறகு லைன் கட்.

திரும்ப அடித்துப் பார்த்தோம். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று அரபியிலும் இங்கிலீஷிலும் ரெக்கார்டிங் வந்தது.

நீங்கள் நம்ப வேண்டாம். அக்கா அழுதார், நானும் அழுதேன்... அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

யோகன் அண்ணா, பக்கத்து சீட்டைப் பிடித்து வையுங்கள்.

ரவி வீட்டைப் பூட்டிவிட்டார்.