அரிவாள் நுனியில் சுண்ணாம்பு

எங்கள் வீட்டில் பேயை நம்புவது அம்மா மட்டும்தான். ஆனால் அம்மா நம்பினால் வீடே நம்பின மாதிரிதான், வேறு வழி கிடையாது. உச்சி வேளையில் தனியாக வந்து சுண்ணாம்பு கேட்கிறவள் நீலி. கையால் கொடுத்தால் கையைப் பிடித்துக்கொள்வாள், இரும்பில் வைத்து நீட்டினால் பேசாமல் போய்விடுவாள். இது அம்மாவின் சட்டம். "ரத்தம் குடிக்கிறவளுக்கு வெத்தல எதுக்கும்மா?" என்று கேட்டால், "ரத்தம் குடிச்சா வாய் நாறாதாட்டி?" என்பாள்.

அன்று என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூட வேலை பார்த்தவர், நானே பிடித்த மாப்பிள்ளை. அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிருந்தது. அவருடைய அம்மா என்ன சொல்வாரோ என்று மீதி உயிர் ஊசலாடியது. அந்த அம்மாளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சாயங்காலம் எல்லோரும் காரில் வருவதாக ஏற்பாடு.

உச்சி வெயிலில் டவுண் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. நான் உள்ளே பட்டுப்புடவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் குரல்: "கொஞ்சம் சுண்ணாம்பு கெடைக்குமா தாயி?"

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடி வருவதற்குள், அம்மா தேங்காய் வெட்டுகிற அரிவாளின் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்து, பூட்டின கம்பிக்கதவு வழியாக நீட்டிவிட்டாள். அந்தப் பக்கம் வெற்றிலையும் கையுமாக ஓர் அம்மாள். என் மாப்பிள்ளையின் கண், அதே மூக்கு. அடிப்பாவி அம்மா, என் கல்யாணத்தை அரிவாளாலேயே வெட்டிவிட்டாயே!

அந்த அம்மாளோ அலட்டிக்கொள்ளாமல் சுண்ணாம்பை விரலால் வழித்து வெற்றிலையில் தடவினார். "நாந்தான் மாப்பிள்ளைக்கு அம்மா. காருன்னா எனக்குக் கொமட்டும், அதான் பஸ்ஸுல முன்னாலயே வந்துட்டேன். நல்லவேள, இரும்புல குடுத்திய. யாரு எவருன்னு பாக்காம கையில குடுக்குத வீடுன்னா யோசிச்சிருப்பேன்."

அம்மா மசியவில்லை. "அதெல்லாம் சரி, காலக் காட்டுங்க." பேய்க்குக் கால் தரையில் பாவாதாம். அவர் சேலையைத் தூக்கிக் காட்டினார். "நல்லாப் பாத்துக்கிடுங்க. இப்ப நீங்க காட்டுங்க." அம்மாவும் காட்டினாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து அவர் கண் என் காலுக்கு வந்தது. முகம் வெளிறி ஒரு படி கீழே இறங்கினார். "ஏ ஆத்தி! இந்தப் பிள்ளைக்குக் குதிகால் தரையில படலியே!"

அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதற்காக நான் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா திரும்பினாள். அரிவாளை என் பக்கம் நீட்டினாள். பெற்றவள்!

குதிகாலைத் தொப்பென்று தரையில் போட்டேன். "படுது அத்தே! நல்லாப் படுது!" என்று கத்தினேன். இன்னும் பெண்ணே பார்க்கவில்லை, அதற்குள் அத்தை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையை வாய்க்குள் தள்ளினார்.

"பேயா இருந்தா இம்புட்டு அவசரப்படாது. கதவத் தொறங்க மதினி" என்றார்.