கொக்கு நீரூற்றின் வள்ளியாத்தாள்

1994 ஏப்ரல் 14 — ரூ. 86,400
1994 மே 2 — ரூ. 35
2016 அக்டோபர் 31 — ரூ. 230
2016 நவம்பர் 9 — ரூ. 11,750

முதல் தொகை, மலையாள மாநில எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர்ச் சந்தை முக்கில் நீரூற்று கட்ட ஓர் அரிசி ஆலைக்காரர் கொடுத்தது. அடுத்த இரண்டும் அதைப் பராமரித்த வள்ளியாத்தாளின் முதல் நாள் கூலியும் கடைசி நாள் கூலியும். நான்காவது, சாலையை அகலப்படுத்த நீரூற்றை இடித்த செலவு.

நான்கு சிமெண்டுக் கொக்குகள் அண்ணாந்து தண்ணீர் பீய்ச்சும். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். வாரத்தில் இருமுறை அலகுகள் அடைத்துக்கொள்ளும். வள்ளியாத்தாள் முழங்கால் தண்ணீரில் நின்று சைக்கிள் கம்பியால் குத்திவிடுவார்.

"ஏனாத்தா, கொக்குக்குப் பல்லு வெளக்கியாச்சா?" என்று பொள்ளாச்சி பஸ்ஸின் நடத்துநர் கத்துவார்.

"அதுக்கு ஆச்சு. உனக்குத்தான் ஆவலையாட்ட இருக்குது, தள்ளி நின்னு பேசு!"

பஞ்சாயத்து அலுவலகத்தில் நான் அப்போது குமாஸ்தா. நன்கொடை என்பதால் நீரூற்று சொத்துப் பதிவேட்டில் ஏறவில்லை. பராமரிப்புக்குக் கணக்குத் தலைப்பும் இல்லை. எந்தத் தலைப்பில் பணம் மிச்சமோ, அதில் அவர் கூலியை எழுதினேன். ஒரு மாதம் ஓடைச் சுத்தம், மறுமாதம் சந்தைச் சுத்தம். நீரூற்று இடிபடும் வரை கூலி ஒரு வாரமும் தவறவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

2021-இல் அவருக்கு அறுபது வயது. பிள்ளைகள் இல்லை, கணவர் காளிச்சாமி பக்கவாதத்தில் படுக்கை. ஒரே வேலையில் பத்தாண்டு இருந்ததாகப் பதிவு காட்டினால் ஓய்வூதியம் உண்டு.

"நீங்க எழுதுன நோட்டுல என்ற பேரு இருக்குமுங்கல்ல?" என்று கேட்டார்.

"எல்லா மாதமும் இருக்கு" என்றேன்.

2022 மார்ச் 8, அவருடைய ஓய்வூதிய மனு மீது விசாரணை. சாட்சியாகப் போனேன். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். பிறகு இடித்த பில்லைப் பார்த்தார். அதிலும் 'சாலைத் தடை அகற்றல்' என்றுதான் இருந்தது.

"நீரூற்றுன்னு ஒரு வரிகூட இல்லையே. இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"அப்போ அன்னைக்குப் பொய் எழுதினீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா?"

அன்றைக்குத்தான் என்றேன். அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் வள்ளியாத்தாள் படியில் உட்கார்ந்துவிட்டார். "இருவத்திரெண்டு வருசத்தையும் ஓடையில உட்டுட்டீங்களே சாரு" என்றார்.

மேல்முறையீட்டை நானே எழுதினேன். ஆதாரமாகப் படம் கேட்டார்கள். ஊரில் பலரிடம் கேட்டேன். கிடைத்த மூன்று படங்களிலும் கல்யாண மாப்பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள், பின்னால் வெறும் தண்ணீர்ப் புகை.

பதில் மலையாளத்தில் இருந்தது. வள்ளியாத்தாளுக்கு வாசிக்கத் தெரியாது. உறையைப் பிரிக்காமலேயே என்னிடம் கொண்டுவந்தார். பதிவேடே இறுதிச் சான்று, கோப்பு முடிக்கப்பட்டது, இனி முறையீடு இல்லை. இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, காளிச்சாமிக்குக் கஞ்சி கொடுக்க நேரமாயிற்று என்று எழுந்து போனார். கடிதம் வந்தது 2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை.