ஆமாங்க மிஸ்

பிரேமினி நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். படித்து முடித்து, குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளையை நாள் முழுக்கத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்தால் எடை கூடுமா என்பதே கேள்வி. பலன் தெரிந்தால், பெயர்ப் பதிவில்லாமல் அன்றன்றைய கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கும் சம்பளத்தோடு லீவு கொடுக்கத் தோட்ட நிர்வாகம் தலையாட்டியிருந்தது.

லயம் லயமாகப் போய்க் கேட்டாள். "நாள் பூரா நெஞ்சோட வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க மிஸ்" என்றார்கள் எல்லாரும். கௌசியும் அதையேதான் சொன்னாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வந்தவள். விரலில் கொழுந்துக் கறைகூடப் போகவில்லை. சப்பாத்துக் காலோடு வந்து கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லி இங்கே யார் பிழைத்தார்கள்?

பிரேமினி ஆய்வை நடத்திய டாக்டரிடம் சொன்னாள். "அது பொய் சார். வீட்டுல இருந்தா அவங்களுக்குச் சோறு யாரு போடுவா?"

"உங்க ஊகத்த ஆதாரமா எடுக்க முடியாது."

நாள் முழுக்க அணைத்தும் எடை கூடவில்லை, இந்த முறையால் பலனில்லை என்று அறிக்கை வந்தது. லீவுப் பேச்சும் அதோடு செத்தது.

கௌசிக்கு அடுத்த பிள்ளையும் குறைமாதம்.

"லீவு வாங்கித் தாங்க மிஸ். இவன கீழயே வைக்க மாட்டேன்."

"கெடைக்காது. நெஞ்சோட வச்சிருந்தும் பலனில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"எந்தப் பாவி அப்படிச் சொன்னான்?"

"நீங்கதான் கௌசி."