முருகன் படத்தின் பின்பக்கம்

தாராவியில் தகரப் பட்டறையில் எனக்கு வேலை. பழைய எண்ணெய் டின்களை வெட்டி விரித்து, தட்டிச் சமமாக்கி, பெட்டி செய்ய எடுப்போம். குடியிருப்பு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. அறைக்குள் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும். பாய் ஒருவர் வைத்திருந்த ரத்திக் கடைக்குப் போய்விடுவேன்.

ரத்தி என்றால் பழைய பேப்பர். பாய் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், என் வயதுதான். பம்பாய் முழுக்க இருந்து அவருக்குப் பேப்பர் மூட்டை வரும். பிரிக்கும்போது சில சமயம் பழைய சிகரெட் அட்டைகள் விழும். யுத்தத்துக்கு முன்னால் சில கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சின்னப் படம் வைத்தார்களாம். ராஜா, கப்பல், குதிரை, நம் சாமிகள். மூன்று விரல் அகலம் இருக்கும். பாய் சேர்த்தார், நானும் சேர்த்தேன். மான்குர்த்தில் இருந்து ஒருவர் வருவார், ரயில்வேயில் கலாசி. அவருக்கும் அதே கிறுக்கு.

படம் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். நாங்கள் திருப்பித்தான் பார்ப்போம். மயில்மேல் முருகன் என்றால் எல்லா அட்டையிலும் அதே மயில், அதே வேல். பின்னால் ஒன்றில் கறுப்பு மை, ஒன்றில் பச்சை மை, ஒன்றில் வேறு கம்பெனியின் பெயர். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எழுத்தின் வளைவும் கரையில் போட்ட பூவும் தெரியும். அது போதும்.

மூட்டையில் அடிக்கடி வந்தால் சாதா. வராவிட்டால் அபூர்வம். ஆனால் அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. கோட்டைப் பக்கத்து மூட்டைகளில் பச்சை மை குப்பையாகக் கிடக்கும். செம்பூர் மூட்டையில் தேடினாலும் கிடைக்காது. செம்பூர் மூட்டையை மட்டும் பார்த்தவன் பச்சையைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதனால் யார் எதைக் காட்டினாலும் பாய் முதலில் எந்த மூட்டை என்றுதான் கேட்பார்.

என் மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த தகரப் பெட்டியின் மூடியில், உள்பக்கம், ஒரு முருகன் படம் ஒட்டியிருந்தது. அவள் அப்பா கொழும்பில் வேலை பார்த்தபோது கொண்டுவந்தது. அறையில் வேறு சாமி படம் இல்லை. வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்து வைத்து, முன்னால் விளக்கேற்றிக் கும்பிடுவாள். வருடக்கணக்காக நானும் பார்த்த படம்தான். அட்டை சேர்க்க ஆரம்பித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அதே மயில், அதே வேல் என்று கண்ணில் பட்டது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன், இது சிகரெட் பாக்கெட்டில் வந்த படம் என்று.

அவள் கையில் தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைத்தாள்.

"எங்கப்பா சிகரெட்ட கையால தொட்டதில்ல. அப்போ யாரோ குடிச்சுப் போட்டதையா நான் இத்தன நாளு கும்பிட்டேன்?"

அவள் பெட்டியை மூடினாள். அடுத்த வெள்ளிக்கிழமை திறக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. சண்டை போடவில்லை. சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். விளக்கு மட்டும் எண்ணெய் இல்லாமல் மூலையில் கிடந்தது. பட்டறையில் எனக்கு வேலை ஓடவில்லை. வெட்டிய தகட்டையே மறுபடி வெட்டினேன். ஒருபக்கம் அவள் முகம். இன்னொரு பக்கம், அந்தப் படத்துக்குப் பின்னால் கறுப்பா பச்சையா என்ற அரிப்பு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை அவளே பெட்டியைத் திறந்தாள். துணியை வெந்நீரில் நனைத்து, பிழிந்து, படத்தின் மேல் போட்டு வைத்தாள். பசை இளகியதும் நகத்தால் மெல்ல எடுத்தாள். திருப்பிப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்க. பாக்கெட்டுல வந்ததுதான்னா அதையும் சொல்லிருங்க. மறைக்காதிய."

பசையைத் துடைத்தேன். பின்னால் ஒன்றுமே இல்லை. மை இல்லை, எழுத்து இல்லை. வெறும் அட்டை.

பாக்கெட்டில் வரவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. வெறும் முதுகோடு பாக்கெட்டில் வந்த அட்டை ஒன்று தன்னிடம் இருப்பதாக மான்குர்த்துக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அச்சடிக்க மறந்து போனவை சில உண்டாம். இது அந்த வகையாகவும் இருக்கலாம். பாயிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். தொடுகிறவர்களைக் கை கழுவச் சொல்லுங்கள் என்றாள்.

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வழி நெடுக பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மழை வந்துவிடும் போல் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் பாய் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். மான்குர்த்துக்காரர் கழுவவில்லை. தொடாமல் குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

"பாக்கெட்டுல வந்ததுதாம்வே இது. எங்கிட்ட ஒண்ணு, இது ரெண்டு. பம்பாயில மூணாவது கெடையாது."

வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்குக் கடை முழுக்க டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பாய் தன் டப்பாவில் இருந்து ஒரு சாதா முருகனை எடுத்தார். என் படத்தின் மேல் வைத்து மூலைக்கு மூலை சேர்த்தார். என் படம் ஒரு பக்கம் வெளியே நீட்டியிருந்தது. பிறகு அந்தக் காலத்துக் காலிப் பாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்தார். சாதா முருகன் உள்ளே போய் உட்கார்ந்தது. என் படத்தைப் பாக்கெட்டின் வாயில் வைத்துப் பார்த்தார். அகலம் இடித்தது. மடக்கினால்தான் போகும். படத்தில் மடிப்பே இல்லை.

"தகரம் வெட்டுறவம்லா நீரு? முதுகையே பாத்துக்கிட்டு இருந்தீரே, ஓரத்தப் பாத்தீரா?"

பார்த்தேன். சாதா அட்டையின் ஓரம் மெஷின் வெட்டு, நேராக இருந்தது. என் படத்தின் ஓரம் கத்தரி வெட்டு. ஓர் இடத்தில் கை நடுங்கி வளைந்திருந்தது. தினம் நான் பார்க்கிற வேலை.

முன்பக்கம் அடித்து, பின்பக்கம் அடிக்கும் முன்பே கழித்துப் போட்ட தாளில் இருந்து யாரோ வெட்டி எடுத்தது என்றார் பாய். கம்பெனி வாசலுக்கே போயிருக்காது. கறுப்பு, பச்சை என்ற எங்கள் கணக்கிலேயே இதைச் சேர்க்க முடியாது, இதை அபூர்வம் என்று சொல்வதும் தப்பு என்றார். மான்குர்த்துக்காரர் ஒப்பவில்லை. தன் டப்பாவை அப்படியே தருகிறேன், இதைக் கொடு என்றார். இது என்னுடையது இல்லை, அவளுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் வாசலில் நின்றிருந்தாள். பாய் செய்ததை எல்லாம் சொன்னேன். பாக்கெட்டுக்குள் நுழையவே இல்லை என்றேன். துறைமுக வேலைக்குப் போகும் முன் அப்பா கொழும்பில் ஓர் அச்சாபீஸில் தாள்கட்டு சுமந்தார் என்றாள். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"பாய் கை கழுவினாரா?"

கழுவினார் என்றேன். அவள் மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்தாள்.

பசை ஆறும்வரை படம் என் கையில் இருந்தது. ஒட்டிவிட்டால் அந்த வெறும் முதுகை இனி யாரும் பார்க்க முடியாது. மான்குர்த்துக்காரர் விடமாட்டார், மறுபடி வருவார், காட்டு என்பார். ஒட்டாமல் மூடியில் செருகி வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் விரலில் பசையோடு காத்திருந்தாள். கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது. நான் சயான் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். ஒரு தாளில் ஒரே ஒரு முருகனை மட்டும் அடித்திருக்க மாட்டார்கள். கூட இருந்த மற்றவற்றை என் மாமனார் யார் யாருக்கு வெட்டிக் கொடுத்தார் என்று தெரியவில்லை. அவளிடம் கேட்கலாம் என்று வாசல் வரை வந்தேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு தெரு சுற்றிவிட்டு வந்தேன்.