நாலரை ரூபாய்த் தொப்பியும் பதுளையில் ஒரு நாளும்

தீபாவளி முடிந்துவிட்டால் ஜவுளிக்கடைக்காரனுக்கு ஒரு மாதம் ஈ ஓட்டுகிற வேலைதான். மதுரையில் எங்கள் கடையும் அப்படித்தான் இருந்தது. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் என் மச்சினன் மூன்று வருஷமாக, "அத்தான், ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தான். இந்தக் கார்த்திகையில் கிளம்பிவிட்டேன். அங்கே ஒரு நாள் முழுக்க வண்டியும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு ஊர் சுற்றிய கதை இது. அதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு நேரம், தூரம், செலவு எல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் நடந்துகொண்ட லட்சணத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதை விட்டுவிட்டு எழுத மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன், பேனா நகரவில்லை.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. கொழும்பில் ஒரு நாள் தங்கியபோது புறக்கோட்டையில் ஒரு தொப்பி வாங்கினேன். துரைமார் போடுகிற, விளிம்பு அகலமான வெள்ளைத் தொப்பி. விலை நாலரை ரூபாய். "மலைப்பக்கம் போறீங்க, வெயில் மழை ரெண்டுக்கும் ஆகும்" என்றார் கடைக்காரர். நானும் கடைக்காரன்தான். இப்படிச் சொல்லி எத்தனை பேர் தலையில் எத்தனை சரக்கைக் கட்டியிருக்கிறேன் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் கறுப்புக் கோட்டோடு அந்தத் தொப்பியையும் வைத்துக் கண்ணாடியில் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது.

காலை ஏழரைக்குக் கொழும்பில் புறப்பட்ட ரயில் அப்புத்தளைக்கு வரும்போது சாயங்காலம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது. கால் நீட்டலாம் என்று இறங்கினேன். பெஞ்சியில் உட்கார்ந்திருந்த தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். யாருக்கு என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. எனக்குத்தான். சங்கடமாக இருந்தது என்று எழுதினால் பொய். இனித்தது.

ரயில் இப்போதைக்குப் பண்டாரவளையோடு சரி. அங்கே ஒரு இரவு தங்கி, காலையில் மோட்டார் வண்டியில் பதினெட்டு மைல் இறங்கினால் பதுளை. ஆளுக்கு ஒன்றரை ரூபாய். வளைவுகளில் வயிறு புரளும், அதனால் வெறும் வயிற்றோடு ஏறுவது நல்லது.

மச்சினன் எனக்காக வேலு என்பவரை ஏற்பாடு செய்திருந்தான். நாற்பது வயதிருக்கும். சொந்தமாகக் குதிரை வண்டி வைத்திருக்கிறார். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்து பிறகு டவுனுக்கு வந்தவர். காலை ஆறரை முதல் மாலை வரை வண்டி, ஆள், பேச்சு எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய். பேச்சு மட்டுமே மூன்று ரூபாய் பெறும். முதியங்கனை விகாரை, சிங்களவர் கும்பிடுகிற கதிர்காமத் தேவன் கோயில், கச்சேரி என்று அங்கே சொல்கிற சர்க்கார் ஆபீஸ், சந்தை என்று எட்டு மணிக்குள் ஊரையே சுற்றிக் காட்டிவிட்டார். கச்சேரியைக் கடக்கும்போது, "இதுக்குள்ள போனவுங்க வெளிய வரும்போது தாடி வளர்ந்திருக்குமுங்க" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

அடுத்து தேயிலைத் தோட்டம் பார்க்க ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற மலைப்பாதையில் ஏறினோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். டவுனிலிருந்து நான்கு மைல். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மடியில் என் தோல் பை. அதற்குள் மச்சினன் மனைவி கட்டிக்கொடுத்த இட்லியும் மிளகாய்ப்பொடியும். வெளியே பார்ப்பவருக்கு அது என்ன பையாகத் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை.

பாதி வழியில், ஒன்பது மணி இருக்கும், எதிரே ஒரு பெண் இறங்கி வந்தாள். தலையோடு போர்த்திய கறுப்புக் கம்பளி. அதற்குள்ளேயே இடுப்பில் ஒரு பெண் குழந்தை, நான்கு வயது சொல்லலாம். என்னைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, கம்பளியைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மேலதிகாரி முன்னால் தலையை மூடிக்கொண்டு நிற்பது தோட்டத்தில் மரியாதைக் குறைவு. ஒரே கம்பளி ஆனதால் குழந்தையின் தலையும் மழைக்குத் திறந்துவிட்டது.

வேலு வண்டியை நிறுத்தி, "என்ன ராக்காயி, புள்ளைக்கு என்ன?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என் தொப்பியையும் பையையும் பார்த்தாள். "டாக்டரய்யாங்களா? சாமி, நாலு நாளா காச்சலுங்க. ராவெல்லாம் மூச்சு இழுக்குது. மருந்துக்காரரு வெள்ளிக்கிழமைதான் தோட்டத்துக்கு வருவாரு. பெரட்டுல கணக்கப்பிள்ளகிட்ட கெஞ்சி இன்னைக்கு ஒரு நாளு கேட்டுக்கிட்டு, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேங்க."

பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். அங்கே, ஆட்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்கினால்தான் ஒரு நாள் வெளியே போகலாம்.

நான் டாக்டர் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. வண்டியிலிருந்து குனிந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. "நாக்கை நீட்டு" என்றேன். நீட்டியது. எங்கள் டாக்டர் செய்கிற மாதிரி, "உம்" என்று ஒரு தலையாட்டல். "ஒண்ணுமில்லேம்மா. மழைக் காய்ச்சல். இந்தத் தூறல்ல தூக்கிட்டு அலையாதே. வீட்டுக்குப் போய் சுக்குத் தட்டிப் போட்டுக் கஞ்சி குடு, சரியாப் போயிடும்."

"ஐயா, அந்தப் புள்ளைக்கு..." என்று வேலு ஆரம்பித்தார். கையை உயர்த்தி நிறுத்தினேன். பெரிய மனிதர்கள் அப்படித்தான் நிறுத்துவார்கள் என்று எங்கோ பார்த்திருக்கிறேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்த வழியே மேலே திரும்பி நடந்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு மைல்தான் இருந்தது. எங்கள் வண்டி அவளைத் தாண்டிப் போனது. அதில் இன்னும் ஒருவர் உட்கார இடம் இருந்தது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளை எனக்கு நாற்காலி போட்டார். ஸ்டோர் என்று அவர்கள் சொல்கிற தேயிலை ஆலையைச் சுற்றிக் காட்டினார். கொழுந்து வாடுவது, உருளுவது, வறுபடுவது எல்லாம் பார்க்க ஒரு மணி நேரம் போதும், கட்டணம் கிடையாது. சுற்றி வந்ததும் பால் விட்ட தேநீர் கொடுத்து, "இப்பதான் ராக்காயி வந்து சொல்லிச்சு, வழியில புள்ளையப் பாத்தீங்களாமே டாக்டர்" என்றார். தேநீர் சூடாக இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

டவுனுக்கு இறங்கி மச்சினன் கடையில் சாப்பிட்டு, ஒன்றே காலுக்குத் துன்ஹிந்த அருவிக்குக் கிளம்பினோம். வண்டியில் நான்கு மைல், பிறகு ஒரு மைல் காட்டுப்பாதை. அட்டை ஏறும், கணுக்காலில் சோப்பைத் தடவிக்கொள்ளுங்கள். காலையிலிருந்து வாய் ஓயாத வேலு இப்போது கேட்டால் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்து ரூபாயில் பேச்சும் சேர்த்தி அல்லவா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் கேட்டே விட்டேன்.

"என்னப்பா வேலு, உம்முன்னு வர்றே?"

அவர் நின்றார். "அந்தப் புள்ளைக்கு வெலா எலும்பு உள்ள போயிப் போயி வருதுங்க. எந் தங்கச்சி மகனுக்கு அப்பிடித்தான் வந்துச்சு. ரெண்டு நாளு தாங்கல. ராக்காயி ஆஸ்பத்திரிக்குத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. நீங்க சொன்னதைக் கேட்டுத் திரும்பிருச்சு. இன்னொரு நாளு கேட்டா கணக்கப்பிள்ள குடுக்கமாட்டாருங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். காலையில் அதை உயர்த்தி அவரை நிறுத்தியது எனக்கு நினைவு வந்தது.

அடுத்து நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. "அருவி இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"கால் மைலுங்க."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயிடலாம்."

பார்த்தேன். கார்த்திகை மழையில் தண்ணீர் நிறைய இருந்தது. அழகான அருவி என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். நான் அங்கே ஐந்து நிமிஷம் நின்றேன்.

டவுனுக்குத் திரும்பும்போது நாலரை. திரும்பத் தோட்டத்துக்குப் போக வேலு குதிரையை மாற்றிக் கட்டினார். மேல்கொண்டு என்ன தரவேண்டும் என்று கேட்டேன். "இது ஊர் பாக்கப் போறது இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தட்டினார்.

நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடைகளோடு கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் ராக்காயியும் நின்றாள். டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரா, அப்படியானால் கொழுந்து பறிக்க மலைக்குப் போ என்று கணக்கப்பிள்ளை மத்தியானமே அவளை வேலைக்கு அனுப்பிவிட்டார். பிள்ளை லயத்தில், பக்கத்து வீட்டுக் கிழவியிடம் இருந்தது.

"வாங்க டாக்டர்" என்றார் கணக்கப்பிள்ளை. இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளை விடமாட்டார் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். "குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றேன், தொப்பியோடு. உடனே விட்டார். தொப்பி ஒரு நல்லதுக்கும் உதவியது என்று அந்த நிமிஷம் திருப்திகூடப் பட்டேன்.

லயத்து அறையில் புகை. குழந்தை கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்து போனது. வண்டியில் ராக்காயி இருக்கையில் உட்கார மறுத்து, கீழே பலகையில் உட்கார்ந்தாள். குழந்தையைக் கம்பளிக்குள் சுற்றியிருந்தாள், அவள் தலை மட்டும் நனைந்துகொண்டு வந்தது. "தலையை மூடிக்கோம்மா" என்றேன். "இருக்கட்டுங்க சாமி" என்றாள். நான்கு மைலும் அப்படியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்து இளைஞர். தலையில் தொப்பி இல்லை, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். குழந்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நெஞ்சில சளி கட்டிப் போட்டுது. இப்பவோ கொண்டு வாறது? காலமை கொண்டு வந்திருக்கலாமெல்லோ?"

"காலையில கொண்டுதாங்க வந்தேன் சாமி" என்றாள் ராக்காயி. "வழியில இந்த டாக்டரய்யாதான் பாத்துட்டு, ஒண்ணுமில்ல, திரும்பிப் போன்னாங்க." அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறவள் மாதிரிதான் சொன்னாள்.

அவர் மரியாதையாக என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எந்த ஆஸ்பத்திரி?"

தொப்பியைக் கழற்றினேன். "நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன்."

"பிறகேன் பாத்தனீங்கள்?"

அவளாக நினைத்துக்கொண்டாள் என்பது வாய் வரை வந்தது, விழுங்கினேன். வேலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்காயி என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள், அவசரமில்லாமல். பிறகு தோளில் கிடந்த கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளை பக்கம் திரும்பிவிட்டாள். காலையிலும் சாயங்காலமும் மழையில் எனக்காக இறக்கி வைத்திருந்த கம்பளி அது. கூரைக்குக் கீழே வந்த பிறகு போர்த்திக்கொண்டாள்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். மூச்சு கொஞ்சம் தணிந்திருந்தது, காய்ச்சல் விடவில்லை. பாலுக்கும் ரொட்டிக்கும் மச்சினனிடம் சொல்லிவிட்டு ஒன்பது மணி மோட்டாரில் ஏறிவிட்டேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். தங்கியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் விஷயம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வண்டியைக் கடைவீதி ஆட்கள் மூலமாகப் பேசுங்கள், ஐந்து ரூபாய்க்கு மேல் வேண்டாம். அருவியையும் தோட்டத்தையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், இரண்டு நாளாகப் பாருங்கள். கார்த்திகையில் மழை, நல்ல குடை போதும், தொப்பி வேண்டாம். தோட்டத்து வழியில் யாராவது உங்களுக்காக ஒதுங்கித் தலையைத் திறந்தால், நீங்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். வழிகாட்டி பேச வாயெடுத்தால் பேசவிடுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

போன வாரம் மச்சினன் கடிதம் வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டதாம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததாம். தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள், பாவாடைக்குத் துணி கிழித்துக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறான். படியிறங்கும்போது ராக்காயி திரும்பி நின்று, "டாக்டரில்லாத ஐயா ஊரு போயிச் சேந்துட்டாங்களா?" என்று கேட்டாளாம். கேலியாகக் கேட்கவில்லையாம். அந்த லயத்தில் எனக்கு அதுதான் பெயராம்.