தானாகச் சுழன்ற இசைத்தட்டு

என் கணவருக்குத் தெருவில் ஊமை மெக்கானிக் என்று பெயர். பேச வராது என்றில்லை. பேச்சை வீண்செலவாக நினைப்பவர். முதன்முதலாக எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று என் முகத்தைப் பார்த்ததைவிட, கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்த நேரம்தான் அதிகம். போகும்முன் அதைச் சரிசெய்து கொடுத்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு எட்டடியில் கடை. முப்பத்தொரு வருடமாக இஸ்திரிப் பெட்டியும் மிக்ஸியும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. பழைய ரெக்கார்டு பிளேயர் வந்தால் மட்டும் மனிதர் முகத்தில் களை வரும். கொண்டுவருபவர்களிடம் எதுவும் கேட்கமாட்டார். மிஷினே சொல்லும் என்பார். அந்தக் கர்வம்தான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

போன வருடம் ஒருவர் தானியங்கி பிளேயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து லீவரைத் தள்ளினால் ஊசி பிடித்த கை தானே எழுந்து, தட்டின்மேல் இறங்கி, பாட்டு முடிந்ததும் திரும்பிப் படுத்துக்கொள்ளும் வகை. இது யாரும் தொடாமலே பாடுகிறது, பிள்ளைகள் அந்த அறைப்பக்கமே போகமாட்டேன் என்கிறார்கள், நிறுத்திக் கொடுங்கள் என்றார். யாருடைய பெட்டி, எப்போதிருந்து பாடுகிறது என்று இவர் கேட்கவே இல்லை.

மின்சாரம் கொடுத்து, தட்டையும் வைத்து, அது வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார். மறுநாள் மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் கை கழுவப் போயிருந்தார். தெருவில் ஒரு லாரி போனது. பெட்டிக்குள் ஏதோ சொடுக்கியது. தட்டு சுழன்றது. ஊசிக் கை மெல்ல எழுந்து, நகர்ந்து, நிதானமாக இறங்கியது. வயலின் ஒலித்தது. யாரோ உள்ளே வந்து நிற்பதுபோலவே இருந்தது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டேன்.

இவர் வந்து பார்த்து, என் பயத்தைக் கண்டு சிரித்தார். இசைத்தட்டை எடுத்துவிட்டு, அதைத் தாங்கிச் சுழலும் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். அடியிலிருந்த பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. லீவர் முழுதும் திரும்பாமல் அந்தப் பிசினில் பாதியில் ஒட்டி நிற்கிறது, சின்ன அதிர்வு பட்டாலும் நழுவி மோட்டாரை ஓட்டிவிடுகிறது என்று விளக்கினார். ஸ்பிரிட்டில் துணி நனைத்து ஒரு பொட்டு விடாமல் துடைத்து, புதுக் கிரீஸ் தடவினார். பெட்டி வாயை மூடிக்கொண்டது. கொண்டுவந்தவர் அன்றே வந்து எடுத்துப்போனார்.

நாலாம் நாள் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். பெட்டியைக் கொண்டுவந்தவரின் தாய். சண்டை போடவில்லை.

"எங்க வீட்டுக்காரரு வேலைவிட்டு வந்ததும் செருப்பக்கூட கழட்டாம பாட்டைத்தான் போடுவாரு. அவரு போயி எட்டு மாசம் ஆகுது. ஆனா சாயங்காலமானா பாட்டு வந்துட்டுதான் இருந்துச்சு தம்பி. நீங்க ரிப்பேர் பண்ணதுலேர்ந்து வரல. பழையபடி ஆக்கிக் குடுங்க."

பிரிட்ஜ் பக்கத்தில் வைத்திருந்தீர்களா என்று மட்டும் இவர் கேட்டார். ஆமாம் என்றார். பிரிட்ஜ் மோட்டாரின் அதிர்வுதான் அது என்று சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவசரமாகக் குப்பைக்கூடையில் பழைய கிரீஸைத் துடைத்த துணியைத் தேடினார். அன்று காலைதான் நான் கூடையைக் கொட்டியிருந்தேன். வாழ்நாளில் ஒருமுறை சுறுசுறுப்பாக இருந்தேன், அதுவும் இப்படிப் போனது.

மகன் வீட்டிலிருந்து பெட்டி மறுபடி வந்தது. ஒரு வாரம் மெழுகு வைத்தார், கோந்து தடவினார், ஸ்பிரிங்கை வளைத்தார். ஒன்று, ஓயாமல் திரும்பத் திரும்பப் பாடும். இல்லையென்றால் கல்லாகக் கிடக்கும். பழுதை எடுக்கத் தெரிந்த கைக்குப் பழுதை வைக்கத் தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. கடையில் யாரோ நிற்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஊரார் துக்கத்தையெல்லாம் எதற்குத் தலையில் சுமக்கிறீர்கள் என்று கத்திவிட்டேன்.

"ஒரு மனுஷனையே தொடச்சுப் போட்டுட்டேன்டி" என்றார்.

அன்று வழிவிட்டு நகர்த்திய ஸ்டூல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கடைசியில் பெட்டியை நாங்களே கொண்டுபோனோம். மகன் வாசற்படியில் தலைகுனிந்து நின்றார். பிரிட்ஜை ஒட்டி, பழைய இடத்திலேயே வைத்தோம். இவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உண்மையைச் சொன்னார்.

"என்னால முடியலம்மா. இந்த கிரீஸ் தானா இறுகணும். இருபது வருஷமாவது ஆகும்."

அந்த அம்மா அழவில்லை. இசைத்தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தார். நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"உசுரோட இருந்தப்பவும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல அவரு. நீங்க கெளம்புங்க தம்பி, நான் உக்காந்திருக்கேன்."