கண்டக்டர் தூங்குகிறார்

சித்தையன்கோட்டையில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்குத் திரை வரைந்து கொடுப்பது அமலராணியின் வேலை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் பரீட்சை தேறியதோடு சரி, மற்றதெல்லாம் கைப்பழக்கம். 1999 ஈஸ்டருக்கு அவள் வரைந்த ரோமைப் படைவீரனுக்கு இரண்டு கையும் வலது கையாகவே அமைந்துவிட்டது. கோயில் பங்குச் சனமே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, இதை முறையாகப் படித்தால் என்ன என்ற ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது.

கணவர் ஸ்டீபன்ராஜ் திண்டுக்கல் வழித்தடத்தில் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸின் கண்டக்டர். செம்பட்டி சாலையில் இருந்த கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஓவியப் பட்டப்படிப்பு உண்டு, வயது ஒரு தடையில்லை என்று பயணிகளிடம் விசாரித்து வந்தவரே அவர்தான். மகள் பிரிஸ்கில்லா ஆறாம் வகுப்புக்குப் போன ஜூனில் அம்மா கல்லூரிக்குப் போனாள்.

வகுப்பில் எல்லாருக்கும் அவள் அக்கா. ஓவியம் கற்பித்த ஐரின் மிஸ்ஸுக்கே அவளைவிட ஆறு வயது குறைவு. அந்த மிஸ்ஸும் இரண்டொரு தடவை வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். தூரிகை பிடித்தால் மட்டும் போதாது அங்கே. வேதாகமம், தத்துவம், வானவியல் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தத்துவம் அமலராணிக்கு வேப்பங்காய். வானவியல் பிடித்துப்போய், சோறு வைக்கிற நேரத்தில் கணவரையும் மகளையும் வாசலுக்கு இழுத்து வியாழனைக் காட்டினாள். இத்தனை நாளும் அதைப் பார்க்காமலா இருந்தோம் என்று அவளுக்கே அதிசயமாக இருந்தது.

கடைசி வருஷம், உயிருள்ள ஒருவரை எதிரே உட்காரவைத்து ஆளுயரத்துக்கு வரைந்து, கண்காட்சியில் வைக்க வேண்டும் என்றார்கள். அவள் கணவரைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் காக்கிச் சட்டை மாட்டி, தோல் பையைத் தோளில் போட்டு, டிக்கெட் கட்டைக் கையில் பிடித்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். வாரம் முழுக்க நின்றே பிழைக்கிற மனிதர். உட்கார்ந்ததுதான் தாமதம், தலை சாய்ந்துவிட்டது. எழுப்பினாள். ரேடியோ போட்டுவிட்டாள். பேச்சுக் கொடுத்தால் அவர் முகம் பத்துப் பக்கம் திரும்பியது. பேச்சை நிறுத்தினால் குறட்டை. மூன்றாவது ஞாயிறு எழுப்பப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. விரல்கள் மட்டும் டிக்கெட் கட்டை விடவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் கரித்துண்டை எடுத்தாள்.

வண்ணம் தீட்டியதெல்லாம் கல்லூரியில்தான். கண்காட்சி நாள் வரைக்கும் அவரிடம் மூச்சு விடவில்லை. தூங்குகிற கண்டக்டர் என்று ஊர் கேலி பேசினால், முதலாளி கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் பயம். ஸ்டீபன்ராஜ் வந்து படத்தின் எதிரே நின்றார். படத்தில் இருந்த கையைக் குனிந்து பார்த்தார்.

"கோவமாங்க?" என்றாள்.

"டிக்கெட்டு கையில பத்திரமா இருக்குல்ல ராணி. அசந்துட்டான், தூங்கட்டும்" என்றார் ஸ்டீபன்ராஜ்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாள் அவரே பஸ்ஸில் ஆள் ஆளுக்குச் சொல்லிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு ஓய்வுக்கு டிரைவர் நைனா முகமது வண்டியைக் கல்லூரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். கூடையும் சாக்குமாகப் பத்திருபது பேர் இறங்கி, வாட்ச்மேனுக்கு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். வெங்காயம் விற்கும் ஒச்சம்மாள் கூடையை வராண்டாவில் இறக்கி வைத்து, படத்தைப் பார்த்ததும் பின்னால் வந்தவர்களைக் கையமர்த்தினாள்.

"செத்த மெதுவாப் பேசுங்க. மனுசன் இப்பத்தான் கண்ணசந்திருக்காரு."

கூட்டம் அப்படியே குரலைத் தாழ்த்தியது. ஐரின் மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை அமலராணி பார்த்தாள். எந்த மதிப்பெண்ணும் அதற்கு ஈடில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே வரும்போது நைனா முகமது அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்னையும் ஒண்ணு வரைஞ்சு குடும்மா. ஆனா கண்ணை மட்டும் நல்லா முழிச்சு வச்சிரு. நான் டிரைவரு பாத்துக்க."

அமலராணி முதல் வகுப்பில் தேறி, 2003 ஜூனில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கு ஓவிய ஆசிரியையாகப் போனாள். நைனா முகமதுவின் படத்தை அந்த வருஷக் காலாண்டு விடுமுறையில் முடித்துக் கொடுத்தாள். அவர் வீட்டுக் கூடத்தில் அது மாட்டியிருக்கிறது. வருகிறவர்களை எல்லாம் கண் கொட்டாமல் பார்க்கிறது.